குரலும் மனச்சோர்வும்

நீரிழிவைக் கண்டறிய இரத்தப் பரிசோதனை உண்டு. மனச்சோர்வுக்கு அத்தகைய சோதனை இல்லை. நோயாளியின் பேச்சே மருத்துவருக்கு முதன்மைச் சான்று. அப்பேச்சு தாழ்ந்து, தயங்கி, ஏற்ற இறக்கமின்றி ஒலிப்பதை ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்லின் நூறாண்டுகளுக்கு முன்பே குறித்துள்ளார். இன்று கணிப்பொறி, குரலின் சுருதியையும் வேகத்தையும் இடைமௌனத்தையும் அளந்து அதே அறிகுறிகளைத் தேடுகிறது.

2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் இருபதில் ஒருவர் வாழ்நாளில் மனச்சோர்வுக்கு ஆளாகின்றார். பெரும்பாலோர் சிகிச்சை பெறுவதில்லை. 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் நாடுவோருக்குத் தொலைபேசிக் குரலே முதல் தொடர்பு. அங்கு இக்கருவி துணைபுரியக்கூடும்.

எனினும், திருப்பதியை அடுத்த திருச்சானூரை எடுத்துக்கொள்வோம். அங்கு தெலுங்கும் தமிழும் ஒலிக்கின்றன. அயல்மொழிக் குரல்களில் பயின்ற கருவி அப்பேச்சைத் தவறாகக் கணிக்கலாம். களைப்பும் சளியும் முதுமையுங்கூடக் குரலைத் தளர்த்தும். ஆதலின் அம்மக்களின் இசைவுடன், அவர்தம் மொழிகளிலேயே கருவியைச் சோதித்தல் வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் வலியுறுத்தும் இரகசியமும் காக்கப்படல் வேண்டும்.

கருவி எச்சரிக்கலாம், நோயை உறுதிசெய்வது மருத்துவர் கடமை. அவ்வெச்சரிக்கையைக் கேட்க அருகில் மருத்துவர் இருந்தால்தான் அறிவியலின் பயன் மக்களைச் சென்றடையும்.