ஓட்டலுக்குக் கடை பிடிக்கும் முன்
(செம்மநத்தத்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





ஏற்காட்டில் ஓட்டல் வைக்க நம் பிள்ளைகள் பலர் விரும்புகிறார்கள். சமையல் தெரிகிறது, உழைக்கத் தெம்பும் இருக்கிறது. ஆனால் வீட்டு நகையை அடகு வைத்து அடுப்பும் புகைபோக்கியும் போட்ட பிறகு, "அடுத்த மாதம் காலி செய்" என்று சொன்னால் என்ன செய்வது? அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகராவின் 282ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதக் கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. சொந்தக்காரர் கடை என்றாலும் எழுதுங்கள்.

நம் பக்கம் 11 மாத ஒப்பந்தம்தான் வழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பதால், அந்தச் செலவுக்குப் பயந்து அப்படி எழுதுகிறார்கள். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத கடை வாடகை மாதா மாத வாடகைதான். 15 நாள் நோட்டீசில் அதை முடித்துவிடலாம். போட்ட முதல் திரும்ப மூன்று வருடம் ஆகும் என்றால், மூன்று வருடத்துக்கு எழுதிப் பதிவு செய்யுங்கள். அதுவரை உரிமையாளர் காலி செய்யச் சொல்லக் கூடாது, வியாபாரம் நடக்காவிட்டால் மூன்று மாத நோட்டீசில் நீங்கள் விலகலாம் என்று கேளுங்கள்.

வாடகையைச் சீசனுக்கு ஏற்பப் பேசுங்கள். மாதம் 30,000 என்றால் வருடத்துக்கு 3,60,000. ஏப்ரல், மே, ஜூன் மாதங்களுக்கு 45,000, மற்ற ஒன்பது மாதங்களுக்கு 25,000 என்று வைத்தாலும் அதே 3,60,000 வருகிறது. உரிமையாளருக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை. மழை மாதத்தில் உங்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். வருட உயர்வு எத்தனை சதவீதம் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள்.

முன்பணம் பற்றி ஒரு வார்த்தை. நகரப் பகுதிகளுக்கான 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. இங்கேயும் அதையே அளவாகச் சொல்லிப் பேசலாம். ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுங்கள். திருப்பித் தரும் நாளையும் எழுதுங்கள்.

கையெழுத்துக்கு முன் நேரில் பாருங்கள். மின் இணைப்பு வணிகக் கட்டணத்தில் இருக்கிறதா? கட்டடத்துக்கு அனுமதி உண்டா? கழிவுநீர் எங்கே போகிறது? கோடையில் தண்ணீர் வாங்க நேர்ந்தால் செலவு யாருடையது? மலைப்பாதை அடைபட்டு வண்டி வராத நாட்களுக்கு வாடகைச் சலுகை உண்டா? உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கு உரிமையாளர் காகிதம் தருவாரா? வேலை முடிந்து கடை திறக்கும் வரை ஒரு மாத வாடகை விடுவாரா? நீங்கள் போட்ட அடுப்பு, புகைபோக்கி, குளிர்பெட்டி உங்களுடையவை, போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று பட்டியலோடு எழுதுங்கள்.

கேட்க வெட்கப்படாதீர்கள். முன்பணம் கைமாறும் முன்புதான் நம் பேச்சுக்கு மதிப்பு. ஒப்பந்த நகலை நம் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து வரி வரியாகப் படிப்போம். வீட்டுப் பெண்களும் உடன் வரட்டும். அடகுக்குப் போவது அவர்கள் நகைதானே!

அல்லாஹ் நம் தொழிலில் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.