எலும்பு முள்ளும் குடித்த தண்ணீரும்

முதுகெலும்பிலும் மூட்டுகளிலும் வளரும் எலும்பு முட்களைப் பற்றி ஆராய லிங்கராஜபுரத்தில் கூடியிருக்கிறோம். கண்டோன்மென்ட் காலந்தொட்டு வட ஆர்க்காட்டிலிருந்தும் பழைய சேலம் மாவட்டத்திலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய பெங்களூர்ப் பகுதிகளுக்குப் பக்கத்தில் கூடியிருப்பது பொருத்தமே. அறுபதைத் தாண்டியவர் முதுகுவலி என்று வந்தால் எக்ஸ்ரே எடுக்கிறோம். முள்ளைக் காட்டி, வயதாகிவிட்டது என்கிறோம். மாத்திரை எழுதி அனுப்புகிறோம். அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் விசாரணை நடத்தாமல் எழுதிய தீர்ப்பு அது. இளமையில் எந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தார் என்று கேட்காமல் தென்னிந்தியர் ஒருவரின் முள்ளுக்குக் காரணம் சொல்லக் கூடாது என்பதே என் வாதம்.

இந்த வாதத்துக்கு வயது அதிகம். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் முதுகு விறைத்து மூட்டுகள் மடங்காமல் முடங்கிய மக்களைப் பற்றி ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் 1937-இல் எழுதினார்கள். அதே ஆண்டு ஷார்ட்டுடன் இணைந்து எழுதியவர்களில் பர்னார்டும் ஒருவர். சென்னைப் பொது மருத்துவமனையின் கதிரியக்க நிலையம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அந்த முடக்கத்தின் குற்றவாளி கிணற்று நீரிலிருந்த ஃபுளூரைடு. சாதாரணத் தேய்மானத்தில் குருத்தெலும்பு மெலிய, மூட்டின் விளிம்பில் எலும்பு படர்கிறது. ஃபுளூரைடின் வழி வேறு. அது எலும்பின் படிகத்துக்குள் புகுந்து ஹைட்ராக்சிலின் இடத்தைப் பிடிக்கிறது. எலும்பை உண்டாக்கும் செல்களையும் முடுக்குகிறது. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் படத்தில் சுண்ணாம்பு அடித்த சுவராக வெளுக்கின்றன, முட்கள் முளைக்கின்றன, தசைநார்கள் எலும்பாக இறுகுகின்றன. முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவேயுள்ள சவ்விலும் சுண்ணச்சத்து படிகிறது. வயதுத் தேய்மானம் அந்தச் சவ்வைத் தொடுவதில்லை. ஆகவே சந்தேகம் எழும்போது முன்கையை ஒரு படம் எடுத்தாலே பாதி வழக்கு தெளியும்.

மறுப்புகள் உண்டு, அவை வலுவானவை. முள் யாருக்குத்தான் இல்லை என்பார்கள். உண்மைதான். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன் படங்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வில், முதுகுத் தட்டுத் தேய்மானம் இருபது வயதினரில் 37 விழுக்காடு, எண்பது வயதினரில் 96 விழுக்காடு. இதை நான் எனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்வேன்: படத்தில் தெரிவது நோயாகாது என்றால், நோயை வேறு எங்காவது தேடித்தானே ஆக வேண்டும்? காவிரி நீர் குடிக்கும் நகரத்தில் ஃபுளூரைடு ஏது என்பது அடுத்த கேள்வி. எலும்பு பழைய கணக்கை எளிதில் அழிப்பதில்லை. தேங்கிய ஃபுளூரைடு வெளியேறப் பல ஆண்டுகள் ஆகும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல்தான் வந்தது. அதற்கு முன் ஊரைவிட்டு வந்தவர் குடித்தது கிணறும் போர்வெல்லும். சிறுநீர்ப் பரிசோதனை அண்மையில் உள்ளே போனதையே முக்கியமாகக் காட்டும். அதில் அளவு இயல்பாக இருப்பதால் பழைய வரலாறு பொய்யாகிவிடாது. கண்டுபிடித்தாலும் மருந்து இல்லையே என்பதுதான் மிகக் கடினமான மறுப்பு. இறுகிய எலும்பை இளக்கும் மருந்து இல்லைதான். ஆனால் நோயாளியின் தம்பியும் பேரப்பிள்ளைகளும் இன்னும் அந்தப் போர்வெல்லை நம்பியிருக்கலாம். இந்தியத் தர அளவின்படி குடிநீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீரே இல்லாத இடத்தில் 1.5 வரை. அந்தக் கிணற்றைச் சோதிக்கச் சொல்ல நம்மைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

தண்ணீர் மேல் பழி போடும் அவசரமும் கூடாது என்பதற்குக் கர்நாடகத்திலேயே சான்று இருக்கிறது. சிவமொக்கா மாவட்டம் சாகர் வட்டத்து ஹந்திகோடு கிராமத்தில், ஒடுக்கப்பட்ட சமூகத்து உழைப்பாளிகளின் இடுப்பு மூட்டும் முதுகும் முடங்கியது 1970-களின் நடுவில் வெளியே தெரிந்தது. பூச்சிமருந்து தெளித்த வயல் நண்டைத் தின்றதால் என்ற ஐயம் முதலில் எழுந்தது. பிந்திய ஆய்வுகள் அது தலைமுறை வழி இறங்கும் எலும்பு வளர்ச்சிக் குறைபாடு என்று காட்டின. எனவே நோயாளிக் குறிப்பேட்டில் ஊரும் தண்ணீரும் எழுதும் இடத்துக்குக் கீழே, பெற்றோர், உடன்பிறந்தோரின் மூட்டுகளுக்கும் ஒரு வரி வேண்டும். அந்தப் படிவத்தின் வரைவை இன்றைய முதல் அமர்விலேயே எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.