வரியறிந்து முதலிடுவோம்



1917-இல் பரோடாவை விட்டுப் பம்பாய் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், பங்குகளில் பணம் போடுவோருக்கு ஆலோசனை கூறும் தொழிலைத் தொடங்கினார். அவரது சாதி தெரிந்ததும் வந்தவர்கள் விலகினர். தொழில் நின்றது என அவர்தம் வாழ்க்கை வரலாறு கூறுகிறது. பொருளியற் பேரறிஞருக்கே அன்று அடைக்கப்பட்ட கதவு அது. இன்று கணபதியில் மில்லிலும் பட்டறையிலும் உழைத்தோரின் பிள்ளைகள் பங்கும் மனையும் வாங்குகின்றனர். மகிழ்ச்சியே. ஆனால் வரிக்கணக்கு அறியாதவனைத் தரகனின் கணக்கே ஆளும்.

சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அச்சட்டப்படி பங்கு சரக்குமன்று, சேவையுமன்று. ஆகவே பங்கின் விலைமீது இவ்வரி இல்லை. தரகின்மீதே 18 விழுக்காடு உண்டு. தரகு 50 ரூபாய் என்றால் வரி 9 ரூபாய். நெடுநாள் வைத்திருப்போருக்கு இது பெரிதன்று. நாள்தோறும் வாங்கி விற்போருக்கோ, ஆதாயமாயினும் நட்டமாயினும் ஒவ்வொரு முறையும் கைவிட்டுப் போகும் பணம்.

நிலத்தை விற்பதற்கும் இவ்வரி இல்லை. சாலையும் வடிகாலும் அமைத்து விற்கும் மனைக்கும் இல்லையென 2022 ஆகஸ்டில் அரசு தெளிவுபடுத்தியது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் வேறு. அவற்றைச் செலுத்தியே ஆகவேண்டும்.

கட்டி முடியாத அடுக்குமாடி வீட்டுக்கு வரி உண்டு. 2019 ஏப்ரல் முதல் அது 5 விழுக்காடு. கோவை போன்ற நகரில், உட்பரப்பு 90 சதுர மீட்டருக்குள்ளும் விலை 45 இலட்சத்துக்குள்ளும் அமைந்தால் 1 விழுக்காடே. 45 இலட்சம் என்றால் வரி 45,000. 46 இலட்சம் என்றாலோ 2,30,000! ஓர் இலட்சம் விலை கூடியதற்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் வரி கூடுகிறது. கட்டட நிறைவுச் சான்று பெற்றபின் முழு விலையையும் கொடுத்து வாங்கினால் இவ்வரி இல்லை. எனினும், சிமென்டுக்கும் கம்பிக்கும் கட்டியவர் செலுத்திய வரி அவ்விலைக்குள் மறைந்தே இருக்கும் என்பதை மறவாதீர்.

இளைஞர்களே! நம் தெருவில் ஒருவர் முன்பணம் கொடுக்குமுன், விலை விவரத்தைக் கேட்டு வாங்கி அவருக்குப் படித்துக் காட்டுங்கள். "இது எதற்கான வரி?" என்று அவர் பொருட்டு நீங்கள் கேளுங்கள். ஒரு தலைமுறையின் சேமிப்பு ஒரு கையெழுத்தில் கரையாமற் காப்பதும் நாம் பெற்ற கல்வியின் கடமையே.