காலண்டரில் வந்த ஆள்காட்டிக் குருவி

(நம் சங்கத்தின் ஏப்ரல் மாதப் பொதுக்கூட்டத்தில் பேசியது)



தண்ணீர் லாரிக் கணக்கும் பார்க்கிங் பஞ்சாயத்தும் முடிந்து டீ வருவதற்குள், பறவைகளைப் படம் எடுப்பது பற்றிப் பேசுங்கள் என்றார் செயலாளர். பேசுகிறேன். கூடவே ஒரு கோரிக்கையும் இருக்கிறது. அது சி பிளாக்குக்குப் பின்னால் கிடக்கும் ஜல்லி சம்பந்தப்பட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். முப்பது வருடத்துக்கு மேல் மற்றவர்களுடைய பணத்தை எண்ணினேன். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு ஏதாவது வேண்டுமே! என் சொந்த ஊர் தாமல். காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும்போது நெடுஞ்சாலையை ஒட்டிப் பெரிய ஏரி ஒன்று வருமே, அதுதான். சின்ன வயதில் அந்தக் கரையில் மாடு மேய்ப்பவர்களோடு சுற்றியிருக்கிறேன். அப்போது எனக்கு எல்லாமே கொக்கு. கொக்கு, பெரிய கொக்கு, கறுப்புக் கொக்கு, அவ்வளவுதான். நத்தைகுத்தி நாரை வேறு, அரிவாள்மூக்கன் வேறு, வக்கா வேறு என்று அறுபது வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

என் கேமரா நிக்கான் பி 900. அக்கா மகன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது. 83 மடங்கு ஜூம். லட்சக்கணக்கில் விலையுள்ள லென்ஸ் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நமக்கு இது போதும். காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை நல்ல வெளிச்சம். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். ஃபோகஸ் பறவையின் கண்ணில் விழ வேண்டும்; இறகு கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை, கண் மங்கினால் படம் போச்சு. பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியாவது வேண்டும். வெள்ளைக் கொக்கை எடுக்கும்போது எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வரும். எடுத்த படத்துக்குத் தேதி, நேரம், இடம் மூன்றையும் குறித்து வையுங்கள். தேதி இல்லாத வவுச்சரை நாங்கள் ஏற்றுக்கொண்டதே கிடையாது.

இந்தப் பொழுதுபோக்கில் நான் பெரிதாக மதிப்பவர் மா. கிருஷ்ணன். 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பல பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிய கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டிரோசா’ என்று பெயரும் வைத்தார்! கறுப்பு வெள்ளை ஃபிலிமில் காட்டு விலங்குகளையும் பறவைகளையும் எடுத்தார். 1950-லிருந்து இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் பத்தி எழுதினார். 1970-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஃபிலிம் காலத்தில் ஒவ்வொரு படமும் செலவு. அமுக்குவதற்கு முன் யோசித்தாக வேண்டும். என் மெமரி கார்டில் ஒரு மீன்கொத்திக்கு மட்டும் நானூறு படம் இருக்கிறது. செலவே இல்லாததால் யோசிப்பதும் இல்லை. அப்படி யோசிக்காமல் நான் செய்த ஒன்றைத்தான் இப்போது சொல்ல வந்தேன்.

போன வருடம் நம் சங்கக் காலண்டரில் மே மாதத்துக்கு ஒரு படம் போட்டிருந்தோம். ஆள்காட்டிக் குருவி ஒன்று சிறகைத் தாழ்த்தி முட்டைகளின் மேல் நிற்கும். கீழே ‘தாய்மை’ என்று அச்சிட்டிருந்தது. லிஃப்டில் பார்த்தவர்கள் எல்லாம் கை கொடுத்தீர்கள். பி பிளாக் மாமி, பிரேம் போட்டுக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். நானும் ஒன்றும் சொல்லாமல் சிரித்து வைத்தேன்.

அது தாமல் ஏரிக்குள் எடுத்தது. கோடையில் தண்ணீர் வற்றி, தரை வெடித்துக் கிடந்த சமயம். ஆள்காட்டி கூடு கட்டாது. தரையில் லேசாகக் குழி பறித்து, சுற்றிச் சின்னக் கல்லாகச் சேர்த்து வைத்து, அநேகமாக நான்கு முட்டை இடும். முட்டையும் மண் நிறம், புள்ளி புள்ளியாக இருக்கும். காலுக்குக் கீழே இருந்தாலும் தெரியாது. வெயில் ஏறினால் தாயும் தந்தையும் மாறி மாறி நிழல் கொடுக்கும். தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்கார்ந்து குளிர வைக்கும். ஈர வயிற்றோடு அது வந்து உட்காரும் படம் எனக்கு வேண்டும் என்று ஆசை.

இருபதடி தூரத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு முள்செடி இருந்தது. அதன் கிளை படத்துக்குக் குறுக்கே வந்தது. எழுந்து போய்ப் பிடுங்கி எறிந்துவிட்டு வந்தேன். ஒன்றரை மணி நேரம் இரண்டு பறவைகளும் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றின. ஆள் வந்தால் காட்டிக் கொடுப்பதால்தானே அதற்கு ஆள்காட்டி என்று பெயர்! முட்டை நான்கும் அந்த நேரம் முழுக்க வெயிலில் கிடந்தன. கடைசியில் ஒன்று தைரியமாக வந்து நின்றது. சிறகைத் தாழ்த்தியது. எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து வாட்ஸ்ஆப்பில் போட்டேன், பாராட்டு குவிந்தது.

மறுநாள் காலை மறுபடியும் போனேன். குழியில் ஓடு மட்டும் கிடந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் தூரத்திலிருந்தே கேட்டார்: “ஏம்பா, நேத்து நீ குந்திகினு இருந்தியே, காக்கா அங்கியே பாத்துகினு இருந்துச்சு. அந்தச் செடிய ஏன் புடுங்கன?”

பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தச் செடிதான் முட்டைக்கு மறைப்பு. நான் உட்கார்ந்த இடம் காக்கைக்கு அடையாளம். கேஷ் கவுண்டரில் பணம் குறைந்தால் அன்று மாலையே என் கையிலிருந்து கட்டிவிடுவேன். இதை எங்கே கட்டுவது?

அதற்கப்புறம் 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். ‘வேட்டை’ என்ற சொல்லுக்கு அதில் ஒரு விளக்கம் இருக்கிறது. பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவது, முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வது இரண்டும் அதற்குள் வருகின்றன. நான் படம் எடுக்கப் போனதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம் பக்கத்து வேடந்தாங்கல் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் நேராகக் கலெக்டரிடம் போய் நின்று, இனிச் சுடக்கூடாது என்று கவுல் வாங்கிக்கொண்டு வந்தார்கள். 1798-இல் அதை உறுதி செய்து கொடுத்தவர் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த விவசாயிகளுக்குத் தெரியும். லாபக் கணக்கும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. 2022-இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அங்கே போனால் கரையிலிருந்தும் கோபுரத்திலிருந்தும்தான் பார்க்க முடியும், மரத்துக்குக் கீழே யாரையும் விடுவதில்லை. முன்பெல்லாம் எனக்கு அதில் வருத்தம் உண்டு. இப்போது இல்லை.

சரி, ஜல்லிக்கு வருகிறேன். சி பிளாக்குக்குப் பின்னால், பேவர் பிளாக் போடுவதற்காகக் கொட்டிப் பரப்பிய ஜல்லியில் ஒரு ஜோடி ஆள்காட்டி நான்கு முட்டை இட்டிருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ கத்துகிறார்கள் என்று வாட்ச்மேனிடம் புகார் கொடுத்தீர்களே, அது இதுதான். பேவர் வேலை திங்கட்கிழமை தொடங்குவதாக இருக்கிறது. அதைத் தள்ளிப்போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குஞ்சு பொரிக்க ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். எப்போது இட்டது என்று தெரியாததால் முழுதாக ஒரு மாதம் என்றே வைத்துக்கொள்வோம். பொரித்த குஞ்சு ஓரிரு நாளில் தானே நடந்து போய்விடும். அதற்கப்புறம் ஜல்லி உங்களுடையது. காண்ட்ராக்டர் காத்திருப்பதற்குக் கூலி கேட்டால் அந்தத் தொகையை நான் கொடுத்துவிடுகிறேன், சங்கக் கணக்கில் எழுத வேண்டாம்.

இன்னொன்று. குழந்தைகளுக்குக் காட்டுகிறேன் என்று யாரும் கிட்டே கூட்டிப் போகாதீர்கள். சி பிளாக் இரண்டாவது மாடிப் படிக்கட்டு ஜன்னலில் என் கேமராவை ஸ்டாண்டில் மாட்டி வைத்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் பறவை தலையைக்கூட நிமிர்த்துவதில்லை. முட்டைப் புள்ளி வரைக்கும் தெரிகிறது. காலை ஆறரையிலிருந்து எட்டு வரை நான் அங்கேதான் இருப்பேன். யார் வீட்டிலாவது கொஞ்சம் உயரமான ஸ்டூல் இருந்தால் கொடுத்து உதவுங்கள். யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு எட்டவில்லை.