வியர்வையைப் படிக்கும் படிப்பு

(நம் நலச் சங்கம் நடத்திய "பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன?" கூட்டத்தில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



டெக்ஸ்டைல் டிசைன் படித்தேன் என்றால், "ஓ, புடவை டிசைனா?" என்பார்கள். புடவையும் உண்டு. ஆனால் நான் செய்வது, ஓடுகிறவர்களுக்கும் விளையாடுகிறவர்களுக்கும் உடை உருவாக்கும் வேலை. அது என்ன வேலை, அதற்கு எங்கே படிக்கலாம், யாருக்குப் பொருந்தும் என்பதைச் சொல்கிறேன்.

காலையில் காட்டன் பனியனோடு வாக்கிங் போகிறீர்கள். நாலாவது சுற்றில் அது நனைந்து, கனத்து, முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. பருத்தி சாதாரண நிலையிலேயே சுமார் 8.5 சதவீதம் ஈரம் பிடித்து வைத்திருக்கும். பாலியெஸ்டர் 0.4 சதவீதம்தான். அது வியர்வையைக் குடிப்பதில்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, இழைகளின் இடைவெளி வழியாக வியர்வை துணியின் வெளிப்பக்கம் வந்து பரவுகிறது. பரவினால் சீக்கிரம் காயும்.

அதற்காக பாலியெஸ்டர் எல்லாமே நல்லது என்று இல்லை. நெருக்கமாகப் பின்னினால் காற்றுப் போகாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை காய்வதே கஷ்டம். குளிர் நாட்டுக்குச் செய்த டிஷர்ட் இங்கே அப்படியே உதவாது. எந்த நூல், எந்தப் பின்னல், எத்தனை ஜி.எஸ்.எம்., முதுகில் எங்கே வலைத்துணி, உரசும் இடத்தில் எந்தத் தையல் என்று தீர்மானிப்பதுதான் எங்கள் வேலை. தொடை உரசும் இடத்தில் தடித்த ஓவர்லாக் தையல் இருந்தால் நீண்ட தூரம் ஓடுகிறவருக்குத் தோல் உரிந்துவிடும். அங்கே தட்டையான பிளாட்லாக் வேண்டும். சாம்பிள் தைத்து, போட்டு ஓடச் சொல்லி, பலமுறை துவைத்து, திரும்பவும் சோதிப்போம்.

இதில் பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. பெண்களுக்கான ஸ்போர்ட்ஸ் பிரா 1977-ல் அமெரிக்காவின் வெர்மான்டில் உருவானது. ஓடும்போது வலித்ததால் லிசா லிண்டால் என்பவர் தேட ஆரம்பித்தார். நாடக உடை தைக்கும் பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் இருவரும் கூடச் சேர்ந்தார்கள். முதல் சாம்பிள், ஆண்களின் விளையாட்டு உள்ளாடைகள் இரண்டைச் சேர்த்துத் தைத்ததுதான்! நம் மைதானத்தில் பன்னிரண்டு வயதுக்கு மேல் எத்தனை பெண் பிள்ளைகள் ஓடுகிறார்கள் என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் உடை காரணம் இல்லை. ஆனால் உடையும் ஒரு காரணம். அதைச் சரிசெய்ய ஆள் வேண்டும்.

இனி படிப்பு. இரண்டு வழிகள் உண்டு. வரைவதில் ஆர்வம் இருந்தால் பி.டெஸ். தரமணியில் உள்ள நிஃப்டில் டெக்ஸ்டைல் டிசைன், நிட்வேர் டிசைன் இரண்டும் இருக்கின்றன. நான்கு வருடம், நுழைவுத் தேர்வு உண்டு, பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் எழுதலாம். அகமதாபாத் என்.ஐ.டி.யும் உண்டு. கணக்கும் இயற்பியலும் வேதியியலும் பிடித்தால் பி.டெக். டெக்ஸ்டைல் டெக்னாலஜி. கிண்டி ஏ.சி. டெக்கிலும் கோவை பி.எஸ்.ஜி.யிலும் படிக்கலாம். எந்த வழியில் போனாலும் மற்றதைக் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். வரைய மட்டும் தெரிந்தவருக்கு மெஷின்காரர் சொல்வது புரியாது. மெஷின் மட்டும் தெரிந்தவருக்குப் போடுகிறவரின் உடம்பு புரியாது.

பெற்றோரிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். தொடக்கச் சம்பளத்தை ஐ.டி.யோடு ஒப்பிடாதீர்கள். முதல் சில வருடங்கள் திருப்பூரிலோ கோவையிலோ தங்கி, நிட்டிங் யூனிட், சாயப்பட்டறை, கட்டிங் டேபிள் என்று அலைய வேண்டும். ஷிப்மென்ட் நேரத்தில் ஞாயிறும் இருக்காது. ஆனால் பருத்திப் பின்னலாடையில் பெயர் வாங்கிய திருப்பூர் இப்போது செயற்கை இழைக்கும் விளையாட்டு உடைக்கும் நகர்கிறது. இரண்டும் தெரிந்தவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது.

பிள்ளைக்கு இது பொருந்துமா என்று அறிய, விடுமுறையில் ஒரு பழைய டிஷர்ட்டைத் தையல் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் அதிலேயே உட்கார்ந்திருந்தால் விண்ணப்பம் வாங்குங்கள்.

இன்னொன்று, எல்லோருக்கும். ஸ்போர்ட்ஸ் டிஷர்ட் துவைக்கும்போது ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊற்றாதீர்கள். அது இழைமேல் படிந்து, வியர்வையை வெளியே கடத்தும் தன்மையைக் குறைத்துவிடும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். துணி மாதிரிகள் மேஜையில் இருக்கின்றன, தொட்டுப் பாருங்கள்.