எழுதிப் போடச் சொன்னவர்


கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணித மேதை ராமானுஜனின் ஆசிரியர் பி.வி. சேஷு ஐயர். மற்றப் பாடங்களில் தேறாமல் படிப்பை இழந்த மாணவரை அவர் கைவிடவில்லை. பின்னர் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனை, கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதும்படி தூண்டியவர்களில் அவரும் ஒருவர். 1913 ஜனவரியில் கடிதம் போயிற்று. 1918-இல் ராமானுஜன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

பி.எஸ்ஸி. முடித்த என்னிடம் பௌதிக ஆசிரியர் மத்திய அரசுத் தேர்வு விண்ணப்பத்தை நீட்டினார்.

"இங்கிலீஷ் சரியா வராது, சார்."

"தோத்தா வந்து சொல்லு. எழுதாம வந்து நிக்காதே."

அந்த விண்ணப்பம்தான் இன்று எனக்கு ஓய்வூதியம் தருகிறது. நன்றி சொல்ல நான் போனபோது அவர் இல்லை. அந்தக் கடன் இன்னும் என் தலையில் இருக்கிறது.

உங்கள் ஊரிலும் தயங்கி நிற்கும் ஒரு பிள்ளை இருப்பான். பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் போட வையுங்கள்.