கமாஸுக்கு அப்பால் ஒரு வாக்கேயக்காரர்

கமாஸ் ராகத்தில் 'ப்ரோசேவாரெவருரா' கேட்டிருப்பீர்கள். 'சங்கராபரணம்' படத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியமும் வாணி ஜெயராமும் பாடிய பிறகு, சபா வாசலை மிதிக்காதவர்களுக்கும் அது மனப்பாடம். இயற்றியவர் யார் என்று கேட்டால், தியாகராஜர் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. இயற்றியவர் மைசூர் வாசுதேவாச்சார்.

அவருடைய பாடல்கள் ஸ்வரக் குறிப்போடு 'வாசுதேவ கீர்த்தன மஞ்சரி' என்ற பெயரில் தொகுக்கப்பட்டிருக்கின்றன. கீர்த்தனை, வர்ணம், ஜாவளி, தில்லானா எல்லாம் சேர்த்து ஏறக்குறைய இருநூறு உருப்படிகள் செய்தவர் அவர். அவற்றில் மேடைக்கு வருபவை பத்துப் பன்னிரண்டு இருந்தால் அதிகம். மிச்சத்தையும் கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

தியாகராஜர் என்று நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1865இல் பிறந்த வாசுதேவாச்சாரை, மகாராஜா சாமராஜ உடையார் தம் செலவில் திருவையாற்றுக்கு அனுப்பிவைத்தார். அங்கே குரு பட்டணம் சுப்ரமணிய ஐயர். அவருக்கு குரு மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர். அவர் தியாகராஜரின் நேர்ச் சீடர். வாசுதேவாச்சார், தாய்மொழி கன்னடமாக இருந்தும் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும்தான் பெரும்பாலும் எழுதினார். தெலுங்குப் பாடல்களில் 'உன்னை விட்டால் எனக்கு யார்' என்ற மன்றாட்டு திரும்பத் திரும்ப வருகிறது. வரிசையாகக் கேட்கும்போது சில பாடல்கள் ஒன்றுபோல் தோன்றுவதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பழைய சொற்களுக்கு அவர் கட்டிய இசை பழையதல்ல. கமாஸில் காகலி நிஷாதத்தைத் தொட்டுவிட்டு நகர்கிற அந்த ஒரு கணத்தைக் கேளுங்கள். ஜாவளியின் குழைவு, கனமான கீர்த்தனைக்குள் சங்கடமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சிட்டஸ்வரமோ பாடலோடு பிறந்தது போலவே இருக்கிறது.

சமஸ்கிருதப் பாடல்களில் அவர் இன்னும் சுதந்திரமாக இருக்கிறார் என்பது என் எண்ணம். ஹிந்தோளத்தில் 'மாமவது ஸ்ரீ சரஸ்வதி' ஒரு சொல்கூட மிகையில்லாத பாட்டு. காம்போதியில் 'லம்போதரமவலம்பே' ராகத்தின் முழு உருவத்தையும் நிதானமாகக் காட்டும். ரிஷபமும் பஞ்சமமும் இல்லாத சுநாதவினோதினியை இன்று நாம் அறிந்திருப்பதே பெரும்பாலும் அவருடைய 'தேவாதிதேவ'வால்தான்.

1935இல் மெட்ராஸ் மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தபோது வயது எழுபது. அதோடு ஓய்ந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் கலாக்ஷேத்ரா நாட்டியப் பள்ளியை நிறுவிய ருக்மிணி தேவி அழைத்தார். முதிய வயதில் அடையாறு கலாக்ஷேத்ராவுக்கு வந்து, வால்மீகி ராமாயணத்துக்கு நாட்டிய இசை அமைக்க உட்கார்ந்தார். முதல் பகுதி 'சீதா சுயம்வரம்' 1955இல் அரங்கேறியபோது அவருக்குத் தொண்ணூறு. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று வாழ்நாளெல்லாம் பழகிய சட்டகம் இங்கே போதாது. வால்மீகியின் சுலோகம் இருக்கிறது, ஆடுபவரின் பாதமும் முகமும் இருக்கின்றன; இரண்டுக்கும் நடுவே ராகம் வழி கண்டுபிடிக்க வேண்டும். அவர் கண்டுபிடித்தார். அவருடைய துணிச்சலான படைப்பு இதுதான் என்பேன்; கமாஸைவிட இதற்காகவே அவரைக் கொண்டாட வேண்டும். 1961இல் அவர் மறைந்தபோது வேலை பாதியில் நின்றது. பேரன் எஸ். ராஜாராம் தொடர்ந்து எடுத்துச் செய்ய, 1970இல் 'மகா பட்டாபிஷேகம்' வரை ஆறு பகுதிகளும் நிறைவேறின.

பாடகர்களிடம் ஒரு வேண்டுகோள். கச்சேரியில் 'ப்ரோசேவா' வேண்டும் என்று சீட்டு வந்தால் தாராளமாகப் பாடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அந்தக் காம்போதியை நடுநாயகமாக எடுத்துக்கொண்டு ஒரு முக்கால் மணி நேரம் பாடுங்கள். ராமாயண சுலோகங்களில் இரண்டை, நாட்டியம் இல்லாமலேயே, விருத்தம் பாடும் இடத்தில் பாடிப் பாருங்கள்.